கூப்பிட்டால் வராத குருவி

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போன நாட்கள் நிறைய. சில வருஷங்களாகவே இப்படித்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான் என்பது ஒரு காரணம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ, அது என் மகள் காதுக்குப் போனால் அவள் மனசு மறுபடி என்ன ஆகுமோ என்ற பயம்தான் பெரிய காரணம். இப்போது அவளே, "எழுதுப்பா. நடந்தத நடந்தாமாரியே எழுது" என்று சொல்லிவிட்டாள். திருவாமாத்தூர் முத்தாம்பிகை துணை. அங்கே வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். சொன்னவன் குடும்பம் விளங்காது. அங்கே நின்று சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். நெல்லும், வேர்க்கடலை என்கிற மல்லாட்டையும் போடுவோம். ஒரே பெண். அம்மனை வேண்டிப் பிறந்தவள் என்பதால் முத்தாம்பிகை என்றே பெயர். கூப்பிடுவது முத்து. நன்றாகப் படித்தாள். ஆராய்ச்சிப் படிப்புக்கு தைவான் தேசம் போனாள். அவள் அங்கே இருக்கும்போதுதான், கொரோனா இரண்டாவது தடவை அடித்தபோது, என் வீட்டுக்காரி தனலட்சுமி போய்ச் சேர்ந்தாள். விமானம் இல்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதை முத்து போனில்தான் பார்த்தாள்.

வழி திறந்த பிறகும் அவள் வரவில்லை. "லேபுல வேலை இருக்குதுப்பா" என்பாள். ஒரு நாள் மட்டும், "அம்மா இல்லாத வூட்டுக்குள்ள எப்புடிப்பா கால வெக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வீடியோவில் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. இரண்டாம் வருஷத் திவசம் நெருங்கியது. அவள் வராவிட்டால் நான் போகிறேன், அம்மாவுக்கு அவள் கையாலேயே படையல் போட வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

புறப்படுமுன் திண்டிவனம் போய் என் அண்ணனிடம் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான்.

"ஏண்டா, அந்த ஊர்ல காக்கா இருக்குதா?" என்று கேட்டார்.

"முத்து பாத்ததில்லன்னு சொல்லுதுண்ணா."

"காக்கா இல்லாத ஊர்ல போயி இன்னாத்தடா படைக்கப்போற? காக்கா எடுக்காத சோறு அவளுக்குப் போய்ச் சேருமா? இங்கியே போட்டுட்டுப் போ."

"பொண்ணு கையால போடணும்ண்ணா. அதுக்குத்தான் போறதே."

அண்ணி சமையலறையிலிருந்து, "ஒரு காக்காவப் புடிச்சி பெட்டியில வெச்சிக் குடுத்துடுங்களேன், பேஜாரு தீந்துச்சி" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. வாசல் வரை வந்து, "காக்கா கெடைக்குதான்னு நல்லா பாருடா" என்று மறுபடியும் சொல்லித்தான் அனுப்பினார்.

தைவானில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சீருடை போட்ட ஒரு பெண், கேப்பை மாவை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். எள்ளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். இரண்டையும் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். ஆனால் படையலுக்கென்று நான் ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோன வாழையிலைக் கட்டை எடுத்துக்கொண்டாள். பச்சை இலை தேசத்துக்குள் போகக் கூடாதாம். எடுத்ததற்குத் தலை குனிந்து மன்னிப்பும் கேட்டாள். நம்மூரில் பிடுங்குகிறவன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெளியே முத்து நின்றாள். பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். "இன்னாம்மா இப்புடி ஆயிட்ட?" என்றேன். "நீ கூடத்தான்ப்பா நரைச்சிப்போயிட்ட" என்றாள். என் பெட்டியை வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

அவள் இருந்தது ஒரு மலையடி ஊர். மலை என்றால் நம் செஞ்சி மலை மாதிரி பாறை பாறையாக இல்லை. அடி முதல் உச்சி வரை பச்சை. புதரும் மூங்கிலும் மரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே மேடு தொடங்கிவிடும். கீழ்வீட்டில் காலைச் சிற்றுண்டிக் கடை. கடையும் வீடும் லின் அம்மாவுடையது. என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தையை முத்து சொன்னாள்: "சாப்புட்டீங்களான்னு கேக்கிறாங்கப்பா. இங்க எல்லாரும் அதத்தான் மொதல்ல கேப்பாங்க." எனக்கு ஊர் பிடித்துவிட்டது.

சாயங்காலம் தெருவில் மணி மணியாக ஒரு இசை வந்தது. ஐஸ் வண்டி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். குப்பை வண்டி! தெரு ஜனமெல்லாம் பையும் கையுமாக ஓடுகிறது, சாமி ஊர்வலத்துக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டு ஓடுவது போல. நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வண்டியில் இருந்தவர் என் பையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் இருந்தது என் வேட்டியும் துண்டும்.

லின் அம்மா கிண்ணத்தில் சூடாகச் சோறும், பூண்டு வெங்காயம் சேர்க்காத ஒரு கறியும் கொண்டுவந்து கொடுத்தார். திவசம் முடியும்வரை நான் கவிச்சி தொடுவதில்லை என்று முத்து முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறாள். நல்ல சோறு. கொஞ்சம் ஒட்டும், ஆனால் மணம். முத்து எனக்கு எதிரே உட்கார்ந்து சேமியா மாதிரி ஏதோ சாப்பிட்டாள்.

"சோறு போட்டுக்கோம்மா" என்றேன்.

"வேணாம்ப்பா."

"ஏன்?"

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "அம்மா போன அன்னிக்கி நீ கூப்புட்டப்போ நான் கேன்டீன்ல சோறு தின்னுக்கினு இருந்தேன்ப்பா. உன் பேரு போன்ல வந்துது. கை எச்சியா இருக்குது, தின்னு முடிச்சிக் கூப்புட்டுக்கலாம்னு விட்டுட்டேன். அம்மாவுக்கு உசுரு போயிக்கினு இருக்கு, நான் தின்னுக்கினு இருந்திருக்கேன். அன்னியிலர்ந்து சோறு எறங்கலப்பா."

இரண்டு வருஷமாகச் சோறு தொடாத பெண். மூலையில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர் இருந்தது. அவள் அம்மா வாங்கிக் கொடுத்தனுப்பியது. அதன் மேல் ஒட்டிய சீட்டுகூட மங்காமல் இருந்தது. படையல் போட வைத்தால் போதும் என்று வந்த எனக்கு, இந்தப் பெண் ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்று ஆகிவிட்டது. அம்மா திருப்தியாகச் சாப்பிட்டாள் என்று இவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் இவள் சாப்பிடுவாள். அதைச் சொல்ல நமக்குக் காக்கையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் விடியும்போது யாரோ விசில் அடித்தார்கள். மேட்டுப் பக்கம் பார்த்தேன், ஆளில்லை. மறுபடியும் அடித்தது. இழுத்து, குலுக்கி, நிறுத்தி, ராகம் மாற்றி. கோயில் நாயனக்காரர் தனியாக உட்கார்ந்து சாதகம் பண்ணுவது போல இருந்தது. கீழே லின் அம்மா மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். முத்துவை விட்டுக் கேட்டேன்.

அது குருவியாம். கடலுக்கு அந்தப் பக்கம் சீனாவில் இருக்கும் ஜாதிக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளையாக மை தீட்டினது போல் கோடு இருக்குமாம். அதனால் 'வரைந்த புருவம்' என்று பேர். இங்கே இருப்பதற்குக் கோடு கிடையாது, பேர் மட்டும் அதேதான். "குரல் தினம் கேட்கும். ஆள் வெளியே வராது. புதருக்கு அடியில், தரையில், சருகைப் புரட்டிப் புரட்டித் தின்னும். கால் சத்தம் கேட்டால் ஓடிவிடும். நான் இந்த மேட்டடியில் பிறந்தவள், நன்றாகப் பார்த்தது கொஞ்சம்தான்" என்றார் லின் அம்மா.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது காக்கை.

முத்து லேபுக்குப் போன பிறகு, படையலுக்குக் காய் வாங்க சந்தைக்குப் பஸ் ஏறினேன். எந்த நம்பர் பஸ், எத்தனையாவது நிறுத்தம் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் செய்த தப்பு ஒன்றுதான். அங்கே வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் போகிறது. நான் விழுப்புரத்தில் நிற்கிற மாதிரி இடது பக்கம் போய் நின்றேன். சரியான நம்பர் பஸ், தப்பான திசை. ஜன்னலில் வயல் வந்தது, அப்புறம் மின்சாரம் எடுக்கிற காற்றாடி வந்தது, கடைசியில் கடல் வந்தது. டிரைவர் இறங்கச் சொன்னார். "மார்க்கெட், மார்க்கெட்" என்றேன். அவர் கடலைக் காட்டினார். மீன் மார்க்கெட்! கவிச்சி தொடாத மாசத்தில் என்னை அம்மன் மீன் குவியல் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிரைவர் அதே பஸ்ஸில் என்னைத் திரும்ப ஏற்றி, முதல் சீட்டில் உட்கார வைத்து, சந்தை வாசலில் நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். சந்தையில் அவரைக்காய் கிடைத்தது, வாழைக்காய் கிடைத்தது, பரங்கிக்காய் கிடைத்தது. மல்லாட்டையைப் பச்சையாகவே குவித்து வைத்திருந்தார்கள். ஒரு காயை உடைத்துப் பார்த்தேன். நம்ம நிலத்துக் காயை விடப் பருப்பு சின்னது. மனசுக்கு ஒரு திருப்தி.

திவசத்துக்கு முந்தின நாள் காலையில், காக்கை வருகிற இடம் எது என்று பார்த்து வைக்கலாம் என மேட்டில் ஏறினேன். மாடியில் படைக்க முடியாது, சுற்றிலும் வலை அடித்திருக்கிறார்கள். மேட்டுப் பாதை முழுக்க வெள்ளைப் பூ. ஏதோ ஒரு மரம், பூவைக் காம்போடு கொட்டி வைத்திருந்தது. மேலே ஒரு திறந்த இடம். அங்கே நின்று, நம் வழக்கம் போலக் கையைத் தட்டி, "கா... கா... கா..." என்று கூப்பிட்டேன். வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். காக்கைகள் இல்லை, மனிதர்கள். தொப்பியும் கைத்தடியுமாக மலை ஏறுகிற நாலைந்து பேர். வழி தப்பிப்போன கிழவன் உதவிக்குக் கத்துகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒரு அம்மா என் தோளைத் தடவிக் கொடுத்தார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்ட ஆட்ட, பாவம் புத்தி தடுமாறியிருக்கிறது என்று முடிவு செய்து, அன்பாக, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்கள்.

போலீஸ்காரப் பையன் டீ கொடுத்தான். தன் போனில் ஏதோ பேசினான். போன் தமிழில், "ஐயா, நீங்கள் தொலைந்த பொருளா?" என்று கேட்டது. நான் காக்கைக்கு வந்தேன் என்று சொல்ல, கையை இறக்கை போல அடித்து, "கா கா" என்று காட்டினேன். அவன் கோழிப் படம் காட்டினான். கழுகுப் படம் காட்டினான். ஸ்டேஷனே கூடிவிட்டது. கடைசியில் ஒரு காக்கைப் படம் வந்தது. நான் அதைத் தொட்டுக் கும்பிட்டேன். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். அங்கே காக்கை அபசகுனமாம்.

அதற்குள் முத்து வந்துவிட்டாள். வாசலில் நின்று, நான் கையை விரித்து இறக்கை அடிப்பதைப் பார்த்தாள். முதலில் முறைத்தாள். அப்புறம் வாயைப் பொத்தினாள். அப்புறம் அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "அய்யோ அப்பா! ஊரு உட்டு ஊரு வந்து போலீஸ் ஸ்டேஷன்ல காக்காவா மாறிட்டியே! பெரியப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிது..." அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

திவசத்தன்று விடியற்காலையில் இரண்டு பேரும் குளித்துவிட்டுச் சமைத்தோம். அந்தக் குக்கரில் முதல் தடவையாகச் சோறு பொங்கியது. அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், பரங்கிக்காய்க் குழம்பு, வடை, பாயசம். அவள் அம்மாவுக்கு உயிரான மல்லாட்டைத் துவையலை முத்துவே அரைத்தாள். விமான நிலையத்தில் பறிபோன இலைக்கு ஈடாக, லின் அம்மா தன் கொல்லை வாழையிலிருந்து ஒரு நீள இலை அறுத்து வந்தார். கற்பூரம் கொளுத்தினால் அறைக்குள் புகை மணி அடிக்குமாம். அதனால் அவருடைய கடைக்குப் பின்புறம், அவர்கள் தங்கள் முன்னோர்களுக்குக் காகிதம் கொளுத்துகிற இரும்புத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அவர்களும் முன்னோருக்குச் சோறு வைக்கிறவர்கள்தானாம். நாம் என்ன செய்கிறோம் என்று அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முத்து படைத்தாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க நேரமானது. பிறகு சோற்றில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பிசைந்து, இலைத் துண்டில் வைத்து மேட்டுக்கு எடுத்துப் போனோம். பூ உதிர்ந்த தரையில், புதருக்கு எதிரே வைத்தாள்.

"கூப்புடும்மா."

"கா... கா..." என்றாள். குரல் எழும்பவில்லை. நானும் சேர்ந்து கூப்பிட்டேன். இரட்டைவால் கரிச்சான் ஒன்று கறுப்பாக வந்து கொம்பில் உட்கார்ந்தது. என் நெஞ்சு துள்ளியது. அது சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பறந்துவிட்டது. வெயில் ஏறியது. காக்கை எடுக்காமல் நாம் சாப்பிடக் கூடாது. இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. சோற்றில் எறும்பு ஏறத் தொடங்கியது.

"அம்மா கோவமாத்தாம்ப்பா இருக்காங்க" என்றாள் முத்து.

"அப்புடியெல்லாம் இல்லம்மா."

"எனக்குத் தெரியும்ப்பா. நான் போன எடுக்கல. அவங்க சோத்த எடுக்கல."

முத்தாம்பிகைத் தாயே, நீயே பார்த்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது லின் அம்மா கடையை மூடிவிட்டு மேலே வந்தார். கையில் பிறை மாதிரி இரண்டு சிவப்பு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. அவர்கள் ஊரில் முன்னோர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்களா என்று இதைப் போட்டுத்தான் கேட்பார்களாம். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை என்று விழுந்தால் 'ஆம்'. அவர் முத்துவின் கையில் கொடுத்து, கேள் என்றார். நம் வழக்கம் இல்லையே என்று எனக்குத் தயக்கம். ஆனால் முத்து வாங்கிக்கொண்டாள். மூழ்குகிறவள் எதைத்தான் பிடிக்க மாட்டாள்?

போட்டாள். இரண்டும் தட்டை மேலே. லின் அம்மா சொன்னதைக் கேட்டு முத்து திகைத்து என்னைப் பார்த்தாள். "இப்புடி வுழுந்தா சிரிக்கிறாங்கன்னு அர்த்தமாம்ப்பா."

"நேத்து போலீஸ் ஸ்டேஷன் கூத்தப் பாத்திருப்பா" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

மறுபடி போட்டாள். இரண்டும் உருண்டை மேலே. அது 'இல்லை'. முத்துவின் முகம் சுருங்கிப்போனது. கட்டையை எடுக்கக்கூடக் கை வரவில்லை. லின் அம்மா பதறவில்லை. அவளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். முத்து எனக்குச் சொன்னாள். "இல்லைன்னா கோவம்னு அர்த்தம் இல்லையாம்ப்பா. இன்னும் சாப்பிட்டு முடிக்கலையாம். வயசானவங்க மெதுவாத்தான் சாப்பிடுவாங்களாம். சாப்பிடுறவங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கக் கூடாதாம். சும்மா உட்காரணுமாம்."

சும்மா உட்கார்ந்தோம். புதரை விட்டுத் தள்ளி, மூங்கிலுக்குப் பின்னால், மூன்று பேரும். பூ விழுகிற சத்தம் கேட்டது.

சருகு நகர்ந்தது. முதலில் ஓணான் என்று நினைத்தேன். புதருக்கு அடியில் ஒரு மண் நிறக் குருவி. நம் தவிட்டுக்குருவி மாதிரியே, ஆனால் கூட்டமில்லாமல் தனியாக. கழுத்தில் மெல்லிசான கோடுகள். மூக்கால் ஒரு சருகைப் புரட்டியது, நின்று கேட்டது. ஒரு பூவைப் புரட்டியது, நின்று கேட்டது. வெளியே வந்து, உடனே உள்ளே ஓடியது. நான் மூச்சை அடக்கினேன். மறுபடி வந்தது. யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு இலைக்குப் பக்கத்தில் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அது சோற்றைத் தொடவில்லை. எறும்பைத்தான் கொத்தியது. ஒவ்வொரு எறும்பாக, இலையைச் சுற்றி வந்து, சுத்தம் பண்ணியது. அதற்கப்புறம் துவையல் பட்ட இடத்தில் ஒரு பருக்கை எடுத்தது. தலையைத் தூக்கி விழுங்கியது. இன்னொரு பருக்கை. அப்புறம் நிதானமாக, அவசரமில்லாமல், நின்று சாப்பிட்டது. போய்ப் புதருக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தப் பாட்டு வந்தது.

லின் அம்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான்தான் பயந்தேன். காக்கை இல்லையே. இப்போது இவள் என்ன சொல்லப் போகிறாள்?

என் வீட்டுக்காரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. "வா, வந்து உக்காரு" என்றால், "நீங்க துன்னுங்க, நான் அப்பறம்" என்பாள். நாங்கள் எழுந்து, பந்தி கலைந்து, வீடு அடங்கின பிறகு, எங்கள் இலையை எடுத்துப் போட்டு, இடத்தைத் துடைத்து, அப்புறம் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். யாராவது வந்துவிட்டால் தட்டைப் பின்னால் தள்ளிக்கொள்வாள். அவ்வளவு கூச்சம்.

முத்து புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல எடத்த சுத்தம் பண்ணிட்டு அப்பறமாத்தான் சாப்புட்டுது, பாத்தியாப்பா?" என்றாள். "நாமதான் கத்திக் கத்திக் கூப்புட்டோம். கூப்புட்டா எங்கப்பா வருவாங்க அவங்க?"

லின் அம்மா கட்டைகளை எடுத்து, மறுபடி கேட்கிறாயா என்று நீட்டினார். முத்து அவற்றை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கேக்க வேணாம்" என்றாள். அதை முதலில் தமிழில்தான் சொன்னாள். அப்புறம்தான் அவர்கள் பாஷையில்.

கீழே வந்தோம். படையல் இலையில் இருந்த சோற்றை நான் பிசைந்து உருட்டி அவள் கையில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயில் போட்டாள். மென்றாள், அழுதாள், முழுங்கினாள். "தொவையல்ல உப்பு கம்மிப்பா" என்றாள். "நீதான அரைச்ச?" என்றேன். லின் அம்மாவுக்கு வடை ரொம்பப் பிடித்துவிட்டது. எப்படிச் சுடுவது என்று கேட்டுக்கொண்டார். முத்து இன்னொரு உருண்டை கேட்டாள். அம்மா தாயே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் உனக்கு எத்தனை அங்கப்பிரதட்சணம் செய்தாலும் தீராது.

ஊருக்கு வந்ததும் திண்டிவனம் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குருவி என்றதும் நிறுத்தச் சொன்னார். "இன்னா குருவிடா?"

"நம்ம தவிட்டுக்குருவி மாரிண்ணா. ஆனா பாடுது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்த மாசம் கண்டாச்சிபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் அண்ணன் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "படைச்சி வெச்சவொடனே ஜல்தியா வந்துச்சாம் காக்கா. ஒரு பருக்க உடலியாம்!"

தனியாகக் கூப்பிட்டு, "இன்னாண்ணா இது?" என்றேன்.

"டேய், குருவின்னு சொன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவான். திவசம் ஏறலம்பான். அந்தப் புள்ள காதுல வுழும். காக்கான்னா வாய மூடிக்கினு போவான். இதுல ஒனக்கு இன்னா கொறஞ்சி போச்சி?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பெண்ணுக்காகத்தான் அவர் அந்தக் காக்கையைப் பறக்க விட்டார்.

ஆனால் அந்தக் காக்கை நிற்கவில்லை. வானூர்ப் பக்கம் போனபோது அது மூன்று காக்கையாகியிருந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார்: "நம்ம பக்கத்து ஆளுதாங்க. தைவானுக்குப் போறாரு. இங்கர்ந்தே அவுரு பொண்டாட்டி காக்காவா பிளேன் பின்னாடியே பறந்துக்கினு போச்சாங்க!" "அப்புடிங்களா" என்று கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அந்தத் தைப் பொங்கலுக்கு முத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் வலது காலை எடுத்து வைத்து நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மா உட்காருகிற மூலையில் உட்கார்ந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணி அவளிடம் காக்கைக் கதையைச் சொல்லி, மெய்தானா என்று கேட்டிருக்கிறார். "காக்கா இல்ல பெரியம்மா. குருவி" என்று அவளே சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. குருவி என்று சொல்ல என் பெண்ணுக்கே கூச்சமில்லாதபோது எனக்கென்ன?

அண்ணனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா காக்கான்னு சொன்னது நான்னு மட்டும் போட்டுடாத" என்றார். போட்டுவிட்டேன் அண்ணா, மன்னிக்கணும். இதை வட்டப்பாறையில் நின்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூர தேசத்தில் இருந்து அம்மா அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்ய முடியாமல், உள்ளுக்குள் வெந்துகொண்டு, சாப்பிடாமல் கிடக்கிற பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எறும்பைத்தான் முதலில் கொத்தியது என்பதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் முன்னோர் பலருக்குக் காக்கை வந்திருக்கிறது, இனியும் வரும். என் தனலட்சுமிக்கு வந்தது குருவி. அதைக் காக்கையாக்கிவிடாதீர்கள். அவள் கூச்சக்காரி. கூப்பிடாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.